ராங்ளர் ஹார்ட்டாப்பைத் தனியாளாகக் கழற்ற, வீட்டிலேயே பளுதூக்கி அமைக்கலாமா?

பனிநிலத்துக்காரன்:

வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டின் நான்கு கதவு ஜீப் ராங்ளர், அதாவது ஜேகே வகை. ஆண்டுதோறும் மே மாதத்தில் அதன் ஹார்ட்டாப்பை, அதாவது கழற்றி மாட்டக்கூடிய கெட்டிக் கூரையை, கழற்றி, அக்டோபரில் மீண்டும் பொருத்துகிறேன். முன்னிருக்கைகளுக்கு மேலே உள்ள இரண்டு பலகைகளை எடுப்பது ஒருவருக்கே எளிது. கண்ணாடியோடு கூடிய பின்பகுதிதான் சிக்கல். மூலைக்கு ஒருவராக நான்கு பேர் வேண்டும் என்று கையேடு சொல்கிறது. ஆண்டுக்கு இருமுறை அக்கம்பக்கத்தாரை அழைத்து அழைத்து, அவர்கள் என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பும் நிலை வந்துவிட்டது.

சென்ற முறை தொங்குதராசில் நிறுத்தபோது அந்தப் பகுதி மட்டும் 63 கிலோ இருந்தது. கராஜின் கூரைச் சட்டங்களில் நான்கு கப்பிகளைத் திருகி, நான்கு வடங்களையும் ஒரே வளையத்தில் கட்டி, சுவரில் பொருத்திய வின்ச்சால் (கைப்பிடியைச் சுழற்றி வடத்தைச் சுருட்டும் கருவி) சுற்றித் தூக்க எண்ணுகிறேன். பழைய படகு இழுவண்டியிலிருந்து கழற்றிய வின்ச் ஒன்று கையில் இருக்கிறது. அது போதுமா? கூரையின் அடிச்சட்டங்கள் இந்த எடையைத் தாங்குமா?

கப்பிக்கயிறு:

நண்பரே, அந்த வின்ச்சை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். படகை இழுவண்டியில் ஏற்றுவதற்கான சாதாரண வின்ச்சில் பல்சக்கரமும் அதைத் தடுக்கும் கொண்டியும் மட்டுமே இருக்கும். ஏற்றும்போது அது ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும். இறக்குவதற்காகக் கொண்டியை விடுவித்த அந்தக் கணமே முழு எடையும் உங்கள் கைப்பிடிக்கு வந்துவிடும். கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிறு கைநழுவினால் வாளி எப்படி விழும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே வாளிக்குப் பதிலாக 63 கிலோ கூரை விழும். சுழலும் கைப்பிடி மணிக்கட்டை உடைத்துவிடும். கைப்பிடியை விட்டாலும் அங்கேயே நின்றுவிடும் தானியங்கித் தடை கொண்ட வின்ச்சையோ, சுமை இழுத்தாலும் எளிதில் பின்னோக்கிச் சுழலாத புழுப்பல்லிணை (வார்ம் கியர்) கொண்டதையோ வாங்குங்கள்.

நான்கு வடங்களையும் ஒரே வளையத்தில் சேர்க்கும் யோசனை நல்லது. கண்ணாடி பின்னால் இருப்பதால் எடை பின்பக்கம் சாய்ந்திருந்தாலும், நான்கு வடங்களும் ஒரே அளவு நகர்வதால் கூரை மட்டமாகவே ஏறும். ஒவ்வொரு வடத்தின் முனையிலும் நீளத்தைச் சரிசெய்யும் திருகிணைப்பு ஒன்றை வைத்துக்கொண்டால், முதல் நாளில் மட்டம் பார்ப்பது எளிதாகும்.

பலரும் மூலைக் கப்பிகளைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அதிகச் சுமையைத் தாங்குவது, வடம் கூரையிலிருந்து சுவர் வின்ச்சை நோக்கித் திரும்பும் அந்த ஒற்றைக் கப்பி. மூலைகளில் எடை நான்காகப் பிரிகிறது. இங்கே அது ஒன்றாகச் சேர்கிறது. கூரையும் அதை அடியிலிருந்து தாங்கும் கட்டைகளும் சேர்ந்து 70 கிலோ என்றால், செங்கோணத்தில் திரும்பும் கப்பியின் மீது அதைப்போல் 1.4 மடங்கு, அதாவது ஏறத்தாழ 100 கிலோ விசை விழும். உராய்வைச் சேர்த்தால் இன்னும் கூடும். உங்கள் மிக வலுவான பிடிப்பு அங்கேதான் இருக்க வேண்டும்.

மரவேலைப்பித்தன்:

கூரைச் சட்டங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் கராஜில் இருப்பது தொழிற்சாலையில் செய்த முக்கோணச் சட்டகங்கள் என்றால், அவற்றின் அடிச்சட்டம் உட்கூரைப் பலகையின் எடையைப் பரவலாகத் தாங்குவதற்காகக் கணக்கிடப்பட்டது. ஓரிடத்தில் தொங்கும் சுமைக்காக அன்று. மிச்சிகனில் பனிச்சுமையும் அதே சட்டகத்தின் மீதுதான் இறங்குகிறது. ஆகவே பரணில் ஏறி, மூன்று நான்கு சட்டங்களின் மேல் குறுக்காகப் படுக்கும்படி கனமான பலகையை வைத்து, கொக்கியின் தண்டு அந்தப் பலகையை ஊடுருவி மேலே வாஷரும் நட்டுமாக முடியும்படி செய்யுங்கள். கீழிருந்து செங்குத்தாகத் திருகிய ஆணி மரத்தின் பிடிப்பை மட்டுமே நம்பித் தொங்கும். மேலிருந்து வரும் பலகை சட்டங்களின் மீது அமர்ந்திருக்கும். சட்டத்தை எங்கும் வெட்டவோ அதில் பெருந்துளை இடவோ கூடாது. ஐயம் இருந்தால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அவருக்குத் தரும் கட்டணம் புதிய ஹார்ட்டாப்பின் விலையை விடக் குறைவு.

கம்பிவடத்தின் முனையை வளைத்து மடக்கி யு வடிவக் கிளிப்பால் முடிக்கும்போது, யு பகுதி வெட்டிய முனையின் மீதும், கிளிப்பின் அடிக்கட்டை சுமை தாங்கும் பக்கத்தின் மீதும் அமர வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் வடம் நசுங்கி வலுவிழக்கும்.

நாலுபேர்க்கட்சி:

ஒரு பெட்டி பீட்சாவுக்கு மூன்று நண்பர்கள் வருவார்கள் என்பது என் பழைய கருத்து. இருந்தாலும் செய்வதென்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்பதால் வரிசையைச் சொல்கிறேன். முன்பலகைகளை எடுங்கள், பின்கதவைத் திறந்துவிட்டு, டி40 டோர்க்ஸ் திருகுகள் (தலையில் நட்சத்திர வடிவக் குழி உள்ளவை) அனைத்தையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போடுங்கள். பின் இடது மூலையில் உள்ள மின்கம்பி இணைப்பையும் கண்ணாடி கழுவும் நீர்க்குழாயையும் பிரிக்க மறக்காதீர்கள். நான்கு பேர் தூக்கினால் எங்கோ மாட்டியிருப்பதை யாராவது ஒருவரின் கை உணரும். வின்ச்சுக்கு அந்த உணர்வு இல்லை. ஒரு திருகு மிச்சமிருந்தாலும் அது பேசாமல் இழுத்துக் கூரையைக் கிழித்துவிடும். முதல் இரண்டு விரற்கடை தூக்கியவுடன் நிறுத்தி, வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள்.

தூக்கிய பிறகு கோடை முழுவதும் வின்ச்சை நம்பித் தொங்கவிடக் கூடாது. நான்கு மூலைகளிலும் தனிச் சங்கிலி போட்டு, சுமையை அவற்றுக்கு மாற்றிவிடுங்கள். சங்கிலி மாட்டும்வரை அதன் அடியில் தலையை நீட்ட வேண்டாம்.

பனிநிலத்துக்காரன்:

அனைவருக்கும் நன்றி. தடையுள்ள வின்ச்சை வாங்கி, பரணில் பலகைகளைப் போட்டு, சென்ற சனிக்கிழமை வேலையை முடித்தேன். முதல் முயற்சியில் வலது பின்மூலை மட்டும் எழவில்லை. திருகு ஏதும் மிச்சமில்லை. பழைய ரப்பர்ப் பட்டை வண்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வடத்தைத் தளர்த்திவிட்டு, மூலையைக் கையால் அசைத்து விடுவித்த பின் மட்டமாக ஏறியது.

நாம் யாரும் நினைக்காத ஒன்று பிறகுதான் தெரிந்தது. கராஜின் கதவு மேலே சுருண்டு போவதில்லை. கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் படுத்தபடி உள்ளே வருகிறது. ஹார்ட்டாப்பை முழு உயரத்துக்கு ஏற்றிய பின் கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் இடிக்கும். கதவு ஏற்கெனவே திறந்திருந்ததால், ஏறிக்கொண்டிருந்த கூரை கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. எல்லாவற்றையும் இறக்கி, கப்பிகளை இரண்டடி உள்ளே தள்ளிப் பொருத்தினேன். செய்ய நினைப்பவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அளவெடுக்கவும்.