கயல்விழி திருமண ஏற்பாட்டுக் குழு: மேடையா, மணையா?

அண்ணன் (தானே): அனைவருக்கும் வணக்கம். அலங்கார ஒப்பந்தக்காரர் அனுப்பிய மாதிரிப் படங்களை மேலே பகிர்ந்திருக்கிறேன். நம் மரபுக் கலைகளை ஒட்டித் திருமணம் அமைய வேண்டும் என்று சொன்னதால், தெர்மாகோலில் கோபுரமும் யாளித் தூண்களும் செய்து, பின்புறம் முழுவதும் தஞ்சாவூர் ஓவியத்தை பிளெக்ஸில் அச்சிட்டு வைப்பதாகச் சொல்கிறார்கள். எல்லோரும் சம்மதித்தால் இன்றே முன்பணம் கட்டிவிடலாம்.

பெரியப்பா (மாட்டுங்கா): தம்பி, அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதே. தஞ்சாவூர் ஓவியத்தின் அழகே, பலகையில் ஒட்டிய துணியின்மேல் சுண்ணப் பசையால் புடைப்பு எழுப்பி, அதில் கல் பதித்துத் தங்கத் தாளை ஒட்டுவதில் இருக்கிறது. அதை பிளெக்ஸில் அச்சடித்தால் தட்டையான மஞ்சள் நிறம் மட்டுமே மிஞ்சும். அகநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு திருமணக் காட்சி வருகிறது. பந்தலில் மணல் பரப்புகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள், மாலைகளைத் தொங்கவிடுகிறார்கள், உளுந்து சேர்த்த சோறு சமைக்கிறார்கள், மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து மணமகளை வாழ்த்துகிறார்கள். அவையெல்லாம் அந்தச் சடங்குக்கே பயன்பட்ட பொருள்கள். நாமும் அந்த வழியில் யோசிக்கலாமே.

அம்மா: அத்தான் சொல்வது எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் மேடை வெறுமையாக இருந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கவலையும் இருக்கிறது.

கயல்விழி: அம்மா, நேற்று தாதரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தையிடமே இதைப் பேசினேன். மேடையைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மராத்தித் திருமணத்தில் மணமக்களுக்கு நடுவே பிடித்து, மங்களாஷ்டகம் என்னும் வாழ்த்துப் பாடல்கள் முடிந்ததும் விலக்கும் அந்தர்பாட் என்னும் திரைத்துணி ஒன்றுதான் அவர்களுடைய வேண்டுகோள்.

பெரியப்பா, என் மனத்தில் இருப்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மேடைக்கு ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதியை, சடங்கின்போது நாங்கள் தொட்டும் உட்கார்ந்தும் உடுத்தியும் பயன்படுத்தப்போகும் பொருள்களுக்கும் அவற்றைச் செய்யும் கைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். முதலாவது பத்தமடைப் பட்டுப்பாய். தாமிரபரணிப் பக்கத்துக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் நீரில் பல நாள் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து நெய்கிறார்கள். கையில் எடுத்தால் துணியைப் போலவே மடிகிறது. மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தருவது அங்கே நெடுநாளாக உள்ள வழக்கம். அந்த நெசவை இன்றுவரை காத்துவருபவர்களில் பெரும்பாலோர் அவ்வூர் இஸ்லாமியக் குடும்பத்தினர், அதிலும் பெண்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தாலும், இப்படி முன்கூட்டிச் சொல்லி நெய்யச் சொல்பவர்கள் இருந்தால்தான் நுண்ணிய பாய் தொடர்ந்து நெய்யப்படும். அதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

சித்தி (செம்பூர்): மிகவும் நல்ல யோசனை கயல். முகூர்த்தப் புடவையைக் காஞ்சிபுரத்தில் கோர்வையாக நெய்ததாகவே எடுப்போம். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓட்டி இணைக்க வேண்டியிருப்பதால் அந்த நூலைக் கொண்டுசெல்லும் தறி நாடாக்கள் மூன்று வேண்டும்; தறியில் துணைக்கு இன்னோர் ஆளும் வேண்டும். புடவையைத் திருப்பிப் பார்த்தால் உடலும் கரையும் சேரும் இடத்தில் அந்த இணைப்பு விரலுக்குத் தட்டுப்படும். கடையில் அதைத் தடவிப் பார்த்த பிறகே வாங்குவேன். கரையில் தாழம்பூ ரேக்கு வேலைப்பாடு இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.

அண்ணன் (தானே): சரி, கோபுரத்தை விட்டுவிடுவோம். ஆனால் மாப்பிள்ளை வீட்டு மரபும் தெரிய வேண்டும் அல்லவா? மேடையின் பின்புறத்தில் வார்லி ஓவியத்தையாவது அச்சிட்டு வைக்கலாமா? மும்பையில் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்த கலை அது.

கயல்விழி: அண்ணா, இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். மகாராஷ்டிரப் பழங்குடியினரான வார்லி மக்கள் தங்கள் வீட்டுத் திருமணத்தின்போது சுவரில் எழுதும் சதுரத்துக்கு லக்னசௌக் என்று பெயர். அதன் நடுவில் அவர்களுடைய வளமைத் தெய்வமான பாலகாட் தேவி இருப்பாள். சுமங்கலிப் பெண்கள் வரைந்து வழிபடும் சடங்கு அது. அதை நாம் செல்ஃபிக்குப் பின்புலமாக ஆக்குவது முறையாகாது. வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷேவுக்கு 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இந்த நகரத்துச் சுவர்களிலும் தேநீர்க் கோப்பைகளிலும் வரும் வார்லி உருவங்களுக்கு அடியில் வரைந்தவர் பெயரைக் காண்பது அரிது. அதனால் டகாணுப் பக்கத்து ஓவியர் ஒருவரையே நேரில் பார்த்து, தார்ப்பா என்னும் ஊதுகருவியைச் சுற்றிச் சுழன்றாடும் நடனத்தை அந்தர்பாட் துணியில் எழுதித் தரக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். டகாணு ரோடு வரை உள்ளூர் ரயிலே போகிறது. அவர் சொல்லும் கூலியை அப்படியே கொடுப்போம்.

பெரியம்மா (மாட்டுங்கா): அவர்களும் அரிசி மாவைக் கரைத்துத்தான் செம்மண் பூசிய சுவரில் எழுதுகிறார்கள். நாமும் ஊறவைத்து அரைத்த அரிசி மாவில் இழைக்கோலம் போட்டுக் காவி பூசுகிறோம். துணியில் அவர்கள் எழுத்தும், அதன் கீழே மணையில் நம் கோலமும் இருந்தால் இரண்டு வீடும் பொருத்தமாகச் சேர்ந்துவிடும். மண்டபத்துப் பளிங்குத் தரையில் காவி பட்டால் கறை போகாது என்று சொல்வார்கள். ஆகையால் மணைப் பலகைகளிலும், தரையில் விரிக்கும் பலகைகளிலும் முதல் நாளே போட்டுக் காயவைத்துவிடுகிறேன். துணைக்கு இரண்டு பெண்கள் வந்தால் போதும். அரசாணிப் பானைகளைத் தாராவிக் கும்பர்வாடாவில் வாங்கித் தாருங்கள்; அவற்றுக்கும் நானே வண்ணம் தீட்டுகிறேன்.

மாமா (முலுண்ட்): நாகஸ்வரத்தை என் பொறுப்பில் விடுங்கள். நரசிங்கம்பேட்டையில் செய்த கருவியை வைத்திருக்கும் வித்வான் ஒருவரை எனக்குத் தெரியும். பழைய வீடுகளில் இருந்து எடுத்த ஆச்சா மரத்தில் கடைவதால் அந்தக் கருவிக்குத் தனி நாதம் உண்டு. 2022இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: மண்டபத்துக்குள் அவருக்கு மைக் வைக்கக் கூடாது. திறந்த வெளிக்கென்றே பிறந்த கருவிக்கு ஒலிபெருக்கியையும் சேர்த்தால் காதும் வலிக்கும், ராகமும் கெடும். காலையில் ஒரு மணி நேரமாவது அவரை நிம்மதியாக வாசிக்கவிட வேண்டும்.

பெரியப்பா (மாட்டுங்கா): ஒப்புக்கொள்கிறேன். மேடைக்கு வாழை மரமும் குருத்தோலைத் தோரணமும் மாட்டுங்காச் சந்தைப் பூவும் போதும். பாய், புடவை, திரை, கருவி ஆகியவற்றைச் செய்தவர்களின் பெயரையும் ஊரையும், அவர்கள் சம்மதித்தால், தாம்பூலப் பையில் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுக் கொடுப்போம்.

அம்மா: எனக்கும் மனம் நிறைந்துவிட்டது. பாயில் மாப்பிள்ளையின் பெயரைத் தமிழில் நெய்வதா, மராத்தியிலா?

கயல்விழி: இரண்டிலும் வேண்டும் அம்மா. பத்தமடையில் தொலைபேசியில் பேசியபோது, எழுத்துகளைக் கட்டம் போட்ட தாளில் பெரிதாக வரைந்து அனுப்பச் சொன்னார்கள். அவருடைய அம்மாவே மராத்தி எழுத்துகளை வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ் எழுத்துகளை நீங்கள் வரையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.

அண்ணன் (தானே): அலங்கார ஒப்பந்தக்காரரிடம் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பாய்க்கான முன்பணத்தை இன்று இரவே அனுப்புகிறேன்.