சனிக்கிழமைக்குப் பினா கொலாடா

வியாழன், இரவு 8:12

அண்ணி: 📷 படம்
பினா கொலாடா செய்து பார்த்தேன், இதைப் பாருங்கள். மேலே வெள்ளைத் திட்டு, கீழே தண்ணீர். தேங்காய்ப்பால், அன்னாசிச் சாறு, ரம், ஐஸ் எல்லாம் போட்டுத்தான் அடித்தேன். சனிக்கிழமை ஆறு பேர் வருகிறார்கள். மாமா இருக்கிறாரா?

நான்: பால் திரிந்த மாதிரி இருக்கிறதே அண்ணி.

அண்ணன்: நான் குடித்துப் பார்த்தேன். உதட்டில் மெழுகு ஒட்டுகிறது. இனிப்பும் பத்தவில்லை.

மாமா: வந்துவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரியவில்லைம்மா, அது தேங்காய்க் கொழுப்பு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். ஐஸோடு சேர்த்து ஓட்டினால் சும்மா இருக்குமா? எந்தத் தேங்காய்ப்பால் ஊற்றினாய்?

அண்ணி: டப்பாவில் வருவது. பிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினேன்.

மாமா: சரி, அதுதான் விஷயம். இந்தப் பானத்துக்குத் தேங்காய்ப்பால் ஆகாது. இதற்கென்றே 'கிரீம் ஆஃப் கோகனட்' என்று ஒன்று உண்டு. நிறையச் சர்க்கரையும், கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் பொருளும் சேர்த்து, கண்டென்ஸ்டு மில்க் பதத்தில் இருக்கும். பெயரைப் பார்த்துத் தேங்காய் கிரீமை வாங்கிவிடாதே. அதில் பெரும்பாலும் சர்க்கரையே இருக்காது.

நான்: மாமா, கப்பலில் பார் வேலையில் இருந்தபோது இதைத்தான் ஊற்றினீர்களா?

மாமா: ஆமாம்டா, கோகோ லோபஸ் என்ற பிராண்டு. கரிபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவில் ரமோன் லோபஸ் இரிசாரி உண்டாக்கியது. தேங்காயைத் துருவிப் பிழிகிற வேலையே பாரில் இல்லாமல் போனது அதனால்தான். அந்தத் தீவின் தலைநகர் சான் ஹுவானில் கரிபே ஹில்டன் ஓட்டலில் ரமோன் மரேரோ என்ற பார்டெண்டர் 1954-இல் பினா கொலாடாவைக் கலந்தார் என்று அந்த ஓட்டல் சொல்கிறது. பழைய நகரத்துக்குள் பராச்சினா என்ற உணவகம் இருக்கிறது. 1963-இல் ரமோன் போர்தாஸ் மிங்கோத் இங்கேதான் இதை உருவாக்கினார் என்று அங்கே கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். கப்பல் கரையில் நின்ற நாட்களில் இரண்டு இடத்திலும் குடித்திருக்கிறேன். எனக்கு ஹில்டன் கதைதான் நம்பும்படி இருக்கிறது. 1978-இல் அந்தத் தீவின் அதிகாரபூர்வ பானமாகவே இதை அறிவித்துவிட்டார்கள்.

நான்: பெயருக்கு என்ன பொருள்?

மாமா: வடிகட்டிய அன்னாசி. அவ்வளவுதான்.

அண்ணி: அந்த கிரீமை வீட்டில் செய்ய முடியுமா மாமா?

மாமா: தாராளமாக. கொழுப்பு குறைக்காத தேங்காய்ப்பால் 200 மி.லி., சர்க்கரை 200 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பைச் சிம்மில் வைத்துக் கிளறிக்கொண்டே இரு. கொதிக்க விடாதே, எண்ணெய் பிரிந்துவிடும். ஒரு சொட்டை ஆறவைத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார். நறநறவென்று இருந்தால் இன்னும் கரையவில்லை. வழுக்கினால் இறக்கிவிடு. வெதுவெதுப்பாக இருக்கும்போதே மிக்ஸியில் அரை நிமிடம் ஓட்டிப் பாட்டிலில் ஊற்று. பிரிட்ஜில் வைத்தால் மேலே ஏடு மாதிரி இறுகும். பயப்படாதே. வெந்நீரில் பாட்டிலை நிற்க வைத்து, நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்று.

அண்ணன்: அளவு?

மாமா: பன்னாட்டு பார்டெண்டர் சங்கத்தின் அளவு ஒரு கிளாஸுக்கு வெள்ளை ரம் 50 மி.லி., தேங்காய் கிரீம் 30 (நமக்கு நீ செய்யும் இனிப்புக் கிரீம்), அன்னாசிச் சாறு 50. வீட்டில் நான் ஒன்றை மாற்றுவேன். ஐஸைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அன்னாசித் துண்டுகளை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைப்பேன். ஆளுக்கு ஒரு கைப்பிடி. ஐஸ் உருகினால் தண்ணீர், அன்னாசி உருகினால் அன்னாசி. கடைசி வாய் வரைக்கும் ருசி இறங்காது. தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் பாறையாகிவிடும்.

அத்தை: எலுமிச்சையைச் சொல்லவில்லையே?

மாமா: நான் சொன்ன அளவில் அது இல்லை. ஆனால் உன் அத்தை சொல்வது சரிம்மா, இரண்டு தேக்கரண்டி பிழிந்துவிடு. அது இல்லாவிட்டால் பாதி கிளாஸிலேயே திகட்டிவிடும்.

அண்ணி: கூடுதலாக ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் போட்டால் நுரை நிற்குமா?

மாமா: வேண்டாம்மா. சூடுபடுத்தாத பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. பாலில் உள்ள புரதத்தை வெட்டும். கொஞ்ச நேரத்தில் கசக்கும். ஃப்ரீசரில் வைத்தாலும் அது சாகாது, சூடு காட்டினால்தான் போகும். டப்பாச் சாறு சூடுபடுத்தியது, அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நுரைக்குப் பச்சைச் சாறுதான். நன்றாகக் குலுக்கினால் தானாகவே நுரை கட்டும். அதற்கு ஐஸ்கிரீம் எதற்கு?

அத்தை: எனக்கும் பிள்ளைகளுக்கும் ரம் இல்லாமல் வேண்டும்.

மாமா: அதனால்தான் மிக்ஸியில் ரம்மே ஊற்றக்கூடாது என்கிறேன். எல்லோருக்கும் சேர்த்து ரம் இல்லாமல் அடி. அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் எடுத்துவிடு. மற்ற கிளாஸில் 50 மி.லி. அளந்து ஊற்றிக் கலக்கு. கண்ணளவு வேண்டாம். 40 சதவீத ரம் 50 மி.லி. என்றால் 20 மி.லி. சுத்த ஆல்கஹால். இனிப்பும் குளிரும் அதை மறைத்துவிடும், குடிப்பவருக்கு ஏறுவதே தெரியாது. வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவருக்கும் ரம் இல்லாததுதான், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரம் பாட்டிலையும் ஃப்ரீசரில் வை. வீட்டு ஃப்ரீசர் குளிருக்கு அது உறையாது.

வெள்ளி, இரவு 9:40

அண்ணி: 📷 படம்
கிரீம் ஆகிவிட்டது. முதல் தடவை அவசரப்பட்டு இறக்கிவிட்டேன், விரலில் நறநறத்தது. திரும்ப அடுப்பில் வைத்தேன். இப்போது கரண்டியிலிருந்து நூல் மாதிரி இறங்குகிறது.

மாமா: அதேதான். இதைவிடக் கெட்டியாக வேண்டாம்.

சனி, மாலை 6:55

அண்ணி: 📷 படம்
திட்டு இல்லை மாமா! ஸ்ட்ரா சாயாமல் நிற்கிறது. மேலே ஒரு விரல் உயரத்துக்கு நுரை.

நான்: ருசி எப்படி?

அண்ணன்: முதலில் அன்னாசி, விழுங்கின பிறகு தேங்காய். ரம் கடைசியில் லேசாக. எலுமிச்சை மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்.

அத்தை: ரம் இல்லாத கிளாஸ் எது என்று அடையாளம் வைத்தாயா?

அண்ணி: வைத்துவிட்டேன் அத்தை. அதில் மட்டும் அன்னாசி இலை செருகியிருக்கிறேன்.