ராத்திரி பத்தரை மணிக்கு சேவு டின்ன தொறக்காம இருக்கறது எப்படி?

சாத்தூரான்:

வணக்கம் மக்களே. வயசு 37, ஹைட் 170 செமீ, ஜனவரில 91 கிலோ இருந்தேன், இப்ப 84. மொத ஆறேழு கிலோ சர்ருனு இறங்கிருச்சு, பெருசா ஒண்ணும் பண்ணல, காலைல முக்கா மணி நேரம் நடை, ராத்திரி சோத்துக்கு பதிலா சப்பாத்தி, கூல்ட்ரிங்க்ஸ் கட். ஆனா ரெண்டு மாசமா 84லயே குத்தவச்சு உக்காந்துருச்சு. காரணம் டாக்டர் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, எனக்கே நல்லா தெரியும்.

சொந்த ஊர் சாத்தூர் பக்கம், வேலை சென்னைல. மாசத்துக்கு ஒரு தடவ அம்மா ரெண்டு கிலோ காராச்சேவு டின்ல போட்டு குடுத்து விட்ருவாங்க, வத்தப்பொடி தூக்கலா செவசெவன்னு. டின் கிச்சன் மேல்தட்டுல இருக்கு. பகல் பூரா அது ஞாபகமே வராது, ராத்திரி எல்லாரும் படுத்தப்பறம் லேப்டாப்ப மூடுனா போதும், கால் தன்னால கிச்சனுக்கு போகுது. அந்த மூடி தொறக்கறப்ப டொப்புனு ஒரு சத்தம் வரும்ல, பொண்டாட்டி முழிச்சுருவான்னு துண்ட மேல போட்டு அமுக்கி தொறக்குறேன். 37 வயசு ஆளு சொந்த வீட்ல சேவு திருடி திங்குறேன், இத வெளிய யார்கிட்ட சொல்றது.

இது போதாதுன்னு ஆபீஸ்ல திங்கட்கிழமை திங்கட்கிழமை எவனாச்சும் ஊர்லருந்து வந்துருவான். தின்னவேலிக்காரன் அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பொண்ணு பால்கோவா, கோவில்பட்டி கடலமிட்டாய், மணப்பாறை முறுக்கு. ஊர் ஊரா பேர் போன பலகாரம் பூரா என் டேபிள் மேலதான் இருக்கு. வேணாம்னா மூஞ்சி வாடிருது, "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க சார்"னு நின்னுக்கிட்டே இருப்பாங்க. மூணு வாரம் எதையும் தொடாம வைராக்கியமா இருந்து பாத்தேன், நாலாவது வாரம் ஒரு கல்யாண வீட்டுக்கு போய்ட்டு வந்தேன், சனிக்கிழமை 83.8 இருந்தது திங்கக்கிழமை 85.3. வெறுத்துப்போச்சு, அன்னிக்கு ராத்திரி சேவு இன்னும் ரெண்டு புடி சேத்தே உள்ள போச்சு.

டயட் சார்ட் வேணாம், மொபைல்ல நாப்பது இருக்கு. இந்த ஆசைய எப்படி சமாளிக்கறீங்கன்னு சொந்த அனுபவத்துல சொல்லுங்க.

டீக்கடை பெஞ்ச்:

உங்க ஆபீஸ்ல வேகன்ஸி இருந்தா சொல்லுங்க ப்ரோ. சம்பளம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல.

பசுமை விரும்பி:

சக்கரைதான் எல்லாத்துக்கும் காரணம் நண்பரே. வீட்ல வெள்ளச்சக்கரைய தூக்கிப் போட்டுட்டு நாட்டுச்சக்கரை, கருப்பட்டிக்கு மாறுங்க. ஸ்வீட் சாப்பிடணும்னு தோணுனா பேரீச்சம்பழம், முந்திரி, பாதாம், நெய் போட்டு உருண்டை புடிச்சு வச்சுக்கங்க, எவ்ளோ வேணா சாப்பிடலாம், வெயிட் ஏறாது.

இட்லிப்பொடி:

மேல ஒருத்தர் உருண்டை எவ்ளோ வேணா சாப்பிடலாம்னு சொல்லிருக்காரே, அத நம்பி நான் நாலு மாசம் வீணாக்குனேங்க, அதனால மொதல்ல அத சொல்லிடறேன். வெள்ளச்சக்கரை 100 கிராம் 400 கலோரி கிட்ட, வெல்லம் 380 கிட்ட, அவ்ளோதான் வித்தியாசம். கருப்பட்டி காபி ருசி, மணம், நான் இல்லேங்கல, ஆனா இடுப்புக்கு அதுவும் சக்கரைதான். முந்திரியும் நெய்யும் சேந்த உருண்டை ரெண்டு சாப்ட்டா ஒரு வேளை டிபன் உள்ள போய்டுது, நமக்கோ "ஹெல்த்தி"ன்னு நெனப்பு, மூணாவதும் போகும். எனக்கு போச்சு.

இப்ப உங்க விஷயம். நான் ரெண்டு புள்ள பெத்தவ, 14 மாசத்துல 11 கிலோ கொறச்சேன், நடுவுல உங்களாட்டமே ரெண்டு மாசம் முள்ளு நகரல. எங்க வீட்ல சேவு இல்ல, மிக்சர். ஒரு நாள் கடுப்புல, நான் அள்ற ஒரு புடிய அப்படியே கிச்சன் தராசுல வச்சு பாத்தேன், 38 கிராம். ஒரு புடின்னு நெனச்சு ராத்திரி மூணு புடி போய்ட்ருந்துச்சு. எண்ணெய்ல பொரிச்ச இந்த ஐட்டம் எதுவா இருந்தாலும் 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேலதான் வரும், இட்லி கணக்குல எட்டு இட்லி. ராத்திரி சாப்பாட முடிச்சுட்டு யாராச்சும் எட்டு இட்லி குடுத்தா திம்பீங்களா? காலைல நீங்க முக்கா மணி நேரம் நடந்து எரிக்கறது 200, 250 இருக்கும், அவ்ளோதான். கணக்கு அங்கயே உடைஞ்சுருது.

நான் மிக்சர நிறுத்தல, நேரத்த மாத்துனேன். ராத்திரி திங்கறது எனக்கு ருசியாவே இல்லேங்க, கண்ணு போன்ல, கை டப்பால, வாய் மட்டும் அரைக்குது, முடிஞ்சப்பறம் என்ன தின்னோம்னு கேட்டா சொல்லத் தெரியாது. அதனால சாயங்காலம் நாலரைக்கு டீயோட, சாமிக்கு நைவேத்தியம் வைக்கற சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருக்குல்ல, அதுல ஒரு கிண்ணம், உக்காந்து, போன் இல்லாம. 25 கிராம்தான் புடிக்கும். அதுல வர்ற கடலை, கறிவேப்பிலைய எல்லாம் தனித்தனியா எடுத்து தின்னேன்னா பாத்துக்கங்க. டப்பா மறுபடி மேல போய்டும், கிண்ணத்த உடனே கழுவி கவுத்து வச்சுருவேன். மொத பத்து நாள் ராத்திரி பத்து மணிக்கு வாய் நமநமங்கும், மோர்ல கொஞ்சம் உப்பு பெருங்காயம் போட்டு குடிச்சுட்டு போய் படுத்துருவேன். பத்து நாளுக்கு அப்பறம் அந்த நேரத்துக்கு ஆசையே வரல, நாலரைக்குத்தான் வருது.

இன்னொண்ணு, பகல்ல என்ன சாப்பிடறீங்கன்னு நீங்க சொல்லவே இல்ல. காலைல நாலு இட்லி சட்னி, மதியம் கொஞ்சமா சோறு ரசம்னு இருந்தா ராத்திரி டின் கூப்பிடத்தான் செய்யும். காலைல ரெண்டு முட்டையோ பச்சப்பயறோ சேத்தப்பறம்தான் எனக்கு அந்த பேய்ப்பசி அடங்குச்சு, ஒரு கப் கொண்டக்கடலை சுண்டல்ல 12 கிராம் கிட்ட புரோட்டீன் இருக்கு. தூக்கமும் பாருங்க, அஞ்சு மணி நேரம் தூங்குன மறுநாள் நம்ம உடம்புல பசிய தூண்ற ஹார்மோன் கூடிருது, அன்னிக்கு என்ன வைராக்கியம் வச்சாலும் நிக்காது.

ரெண்டு நாள்ல 1.5 கிலோ ஏறுனதுக்கு எல்லாம் அழாதீங்க. அவ்ளோ கொழுப்பு ஏறணும்னா தேவைக்கு மேல 11,000 கலோரிக்கு மேல சாப்ட்ருக்கணும், அதாவது உங்கம்மா அனுப்புன டின்ன பூரா தனியா உக்காந்து காலி பண்ணிருக்கணும். கல்யாண சாப்பாட்டு உப்பும் சோறும் சேந்து உடம்புல தண்ணி கட்டும், மூணு நாலு நாள்ல வடிஞ்சுரும். அத பாத்து வெறுத்துப்போய் தின்ன பாருங்க ரெண்டு புடி, அதுதான் நெசமான வெயிட்டு.

ஒத்தையடிப்பாதை:

இட்லிப்பொடி சிஸ் சொல்ற கிண்ணம் டெக்னிக் எல்லாருக்கும் ஒத்துவராது. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஒரு கிண்ணம், அப்பறம் கிண்ணத்த குமிச்சு ஒரு கிண்ணம், அப்பறம் "இன்னிக்கு ஒரு நாள்"னு ரெண்டு. சில பேருக்கு கொஞ்சம்ங்கறதே கெடையாது. எனக்கு நேந்திரம் சிப்ஸ்னா குடிகாரனுக்கு சரக்கு மாதிரி. வீட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன், எப்பயாச்சும் கடைத்தெருவுக்கு போறப்ப சட்டில இருந்து சூடா எடுத்து 50 கிராம் பொட்டலம் கட்டச்சொல்லி நின்னு தின்னுட்டு வந்துருவேன். வீட்ல இருக்கறத தொடாம இருக்க டெய்லி ராத்திரி மல்லுக்கட்டணும், வீட்ல இல்லாதத திங்க சட்டைய மாட்டிட்டு ரெண்டு கிலோமீட்டர் போகணும், சோம்பேறித்தனம் நம்மள காப்பாத்திரும். நீங்க எந்த ரகம்னு பாத்துக்கங்க. துண்டு போட்டு மூடி தொறக்கறத பாத்தா நம்ம ரகம்னுதான் தோணுது.

ஆபீஸ் மெஷின் டீ குடிப்பீங்களா? பெரும்பாலும் அந்த பொடியிலயே சக்கரை கலந்துதான் வருது, கம்மி பண்ணச் சொல்ல ஆளே இல்ல. நாள் முழுக்க அஞ்சு கப் போய்ட்ருந்துச்சு எனக்கு. சக்கரை ஒரு நாளைக்கு 25 கிராம்க்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்ம டீயிலயே முடிச்சுட்டு அல்வாவ மட்டும் திட்டுவோம்.

இட்லிப்பொடி:

ஒத்தையடிப்பாதை சொல்றது சரிதான், நான் மறுக்கல. எனக்கும் பால்கோவால கிண்ணம் வேலைக்காகல, அது வீட்டுக்கு வர்றதே இல்ல. ஐட்டத்துக்கு ஐட்டம் மாறுது போல.

மொட்டமாடி வாக்கர்:

எல்லாரும் நல்லா சொல்றீங்க, ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு, படிக்கறவங்கள்ல சுகர் மாத்திரை போடறவங்க இருப்பீங்க அதனால எழுதறேன். எங்க வீட்டுக்காரர் கிளிமிபிரைட் மாத்திரை போடறவரு, போன வருஷம் வெயிட் கொறைக்கறேன்னு டாக்டர்கிட்ட சொல்லாம காலை டிபன விட்டாரு. பதினோரு மணிக்கு "ஏதாச்சும் இனிப்பா குடு, குடு"ன்னு நச்சரிப்பு, நான் வேற, வாய கட்டத் தெரியலன்னு திட்டிட்டு இருக்கேன். பாத்தா சட்டை பூரா வேர்வை, கை நடுங்குது. மெஷின்ல குத்திப் பாத்தா 62. எழுபதுக்கு கீழ போனாலே லோ சுகர். மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணில கலக்கி குடுத்து, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி குத்திப் பாத்தப்பறம்தான் எனக்கு உயிர் வந்துச்சு. மாத்திரை, இன்சுலின் போடறவங்களுக்கு திடீர்னு வர்ற இனிப்பு ஆசை எப்பவும் சபலமாத்தான் இருக்கும்னு இல்ல, உடம்பு கத்துறதாவும் இருக்கலாம். சாப்பாட்ட கொறைக்கறதுக்கு முன்ன டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை அளவ பாத்துக்கங்க.

ஆபீஸ் பலகாரத்துக்கு என் வழி: வாங்கிக்குவேன், தேங்க்ஸ் சொல்லுவேன், "சாப்பாட்டுக்கு அப்பறம் சாப்பிடறேம்மா"ன்னு டிஷ்யூல மடிச்சு டப்பால வச்சுருவேன். குடுக்கறவங்களுக்கு நாம வாங்கறதுதான் முக்கியம், திங்கறத யாரும் நின்னு பாக்கறதில்ல. மதியம் வயிறு நெறஞ்சப்பறம் தொறந்தா பாதிக்கு மேல போகாது, மீதி வீட்ல புள்ளைங்களுக்கு.

சாத்தூரான்:

எல்லாருக்கும் நன்றி, மூணு வாரம் ஆச்சு, அப்டேட் போடலன்னா திட்டுவீங்க.

மெஷின் டீய நிறுத்திட்டேன், ஆபீஸ் கீழ பெட்டிக்கடைல "மாஸ்டர் அரைச்சக்கரை"ன்னு சொல்லி ரெண்டு டீ, அதோட சரி. காலைல ரெண்டு முட்டை சேந்துருச்சு. நாலரை மணி கிண்ணம் எனக்கு வாரநாள்ல முடியாது, அந்நேரம் ஆபீஸ்ல இருப்பேன், அதனால ஒரு சின்ன டப்பால போட்டு பைல வச்சுக்கறேன், டீக்கு கீழ போறப்ப பெஞ்சுல உக்காந்து திங்குறேன். பகல் வெளிச்சத்துல தின்னப்பதான் தெரியுது, எங்கூரு சேவுல பூண்டு வாசம் இவ்ளோ இருக்குன்னு. ராத்திரி மூணு தடவ சறுக்கிருச்சு, மறைக்கல. அதுல ஒரு தடவ பொண்டாட்டி கையும் களவுமா புடிச்சுட்டா, திட்டுவான்னு பாத்தா, "எனக்கும் கொஞ்சம் தா"ங்கறா. அவளும் இத்தன நாளா பகல்ல அதே டின்ல கைய விட்டுக்கிட்டுதான் இருந்துருக்கா, டின் ஏன் சீக்கிரம் காலியாகுதுன்னு நான் என்னயவே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

வெயிட் 82.9. ரெண்டு மாசத்துக்கு அப்பறம் மொத தடவயா முள்ளு நகந்துருக்கு.

நேத்து தைரியமா அம்மாகிட்ட போன்ல சொன்னேன், இனிமே ரெண்டு கிலோ வேணாம்மா, ஒரு கிலோ அனுப்புனா போதும்னு. "ஏன்யா, உடம்புக்கு என்ன, வத்திப்போய்ட்டியா"ன்னு பத்து நிமிஷம் கேள்வி. ஒருவழியா சரின்னாங்க. இன்னிக்கு காலைல பஸ்ல வந்த டின்ன தொறந்து பாத்தேன், சொன்ன மாதிரியே சேவு ஒரு கிலோதான். மீதி எடம் சும்மா கெடக்குமேன்னு அதிரசம் அடுக்கி வச்சுருக்காங்க.

டீக்கடை பெஞ்ச்:

அந்த வேகன்ஸி என்னாச்சு ப்ரோ?