இரண்டு வயதுப் பையனுக்குப் பேசிஃபையரை நிறுத்துவது எப்படி?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். பையனுக்கு இரண்டே கால் வயது. பகலில் விழித்திருக்கும்போது பேசிஃபையர் (வாயில் வைத்துச் சப்பும் ரப்பர் காம்பு) ஞாபகமே வராது; ராத்திரி அது இல்லாவிட்டால் அப்பார்ட்மெண்டே விழித்துக்கொள்ளும். பல் எடுப்பாகிவிடுமோ என்று வேறு பயம். மாமியார் பேசிஃபையரில் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். தடவலாமா?

பதில் 1: வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம்மா. சின்னக் குழந்தை வயிற்றுக்குள் போனால் வாந்தி, வலிப்பு வரை கொண்டுபோய்விடும். பேசிஃபையர் நுனியை வெட்டியும் கொடுக்காதீர்கள், ரப்பர் துண்டு தொண்டையில் சிக்கும். என் மகளுக்கு முதலில் வெளியே போகும்போது நிறுத்தினோம், அப்புறம் மதியத் தூக்கம், கடைசியில்தான் ராத்திரி. பதிலுக்கு என் பழைய காட்டன் புடவைத் துண்டைக் கையில் கொடுத்தேன். இப்போது அதை விடமாட்டேன் என்கிறாள், அது தனிக் கதை.

பதில் 2: 3 வயதுக்கு மேலும் தொடர்ந்தால்தான் பல்லுக்குச் சிக்கல் அதிகம். அதற்குள் விட்டால் பெரும்பாலும் தானே சரியாகும். அடிக்கடி காது வலி வந்தால் மட்டும் நிறுத்துவதைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் நேரத்திலோ பிளேஸ்கூல் சேர்க்கும் வாரத்திலோ ஆரம்பிக்க வேண்டாம்.

கேட்டவர்: நன்றி அக்கா. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். வேப்பெண்ணெய் விளக்குக்குப் போய்விட்டது. மதியத் தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.