சேர்வர் பிங் ஆகுது (கூப்பிட்டால் பதில் வருது), போல்டர் திறக்குதில்லை: உங்கட அனுபவங்களைப் போடுங்கோ

கொக்குவிலான்:
திருநெல்வேலியில ஒரு கணக்காளர் அலுவலகம். ஸ்கான் போல்டர் ஏற்கெனவே திறந்து கிடக்கு. அதே சேர்வரிலை சம்பளப் போல்டருக்கு வேறை யூசர்நேமும் சரியான பாஸ்வேட்டும் குடுத்தால் 1219 எண்ட பிழை எண் வந்து நிக்குது. பாஸ்வேட் பிழையெண்டால் 1326 வரும், இது அதில்லை. ஒரு விண்டோஸ் லொகினுக்குள்ளை ஒரு சேர்வர் பெயருக்கு ஒரே யூசர்நேம்தான். எக்ஸ்புளோரரை மூடியும் சரிவரேல்லை. திறந்திருக்கிற இணைப்புகளைக் காட்டுற 'நெட் யூஸ்' கட்டளையை அடிச்சுப் பார்த்தால், டிரைவ் எழுத்தில்லாத ஐபிசி டொலர் (IPC$) எண்ட மறைவான இணைப்பொண்டு இன்னும் உயிரோடை! அதை அழிச்ச கையோடை திறந்தது.

சுன்னாகம்_பொடியன்:
நல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்டூடியோ, பாஸ்வேட் இல்லாத பழைய நாஸ் (நெட்வேர்க்கிலை பூட்டுற சேமிப்புப் பெட்டி). விண்டோஸ் 11 ப்ரோவிலை 24எச்2 அப்டேற் ஏறினதோடை கல்யாணப் படம் ஒண்டும் திறபடேல்லை. பாதுகாப்புக் கொள்கை கெஸ்ற்றை, அதாவது பாஸ்வேட் இல்லாமல் நுழையிற விருந்தினரை, தடுக்குதெண்டு செய்தி. சைனிங் (வாற போற தரவு இடையிலை மாறேல்லை எண்டு உறுதிசெய்யிற கையொப்பம்) கட்டாயத்தை நிப்பாட்டி, கெஸ்ற் லொகினை அனுமதிச்சவுடனை வந்திட்டுது. எல்லாரும் அதையே செய்யுங்கோ.

பழைய_கேபிள்:
தம்பி, அப்பிடிச் சொல்லாதேங்கோ. கெஸ்ற்றுக்குப் பாஸ்வேட் இல்லை; அது இல்லாட்டில் சைனிங்குக்கு வேண்டிய செஷன் கீ (அந்த இணைப்புக்கான ரகசியச் சாவி) உருவாகாது. அதாலைதான் 24எச்2 மறுக்குது. நீங்கள் நிப்பாட்டினது அந்த நாஸுக்கு மட்டுமில்லை, அந்தக் கொம்பியூட்டர் போற எல்லாச் சேர்வருக்கும். நாஸிலை ஒரு யூசரை உருவாக்கிப் பாஸ்வேட் வையுங்கோ. நாஸிலை ஆகக்குறைஞ்ச எஸ்எம்பி (போல்டர் பகிருற நெறிமுறை) பதிப்பை 2 ஆக்குங்கோ. விண்டோஸ் பாஸ்வேட்டுகளைச் சேமிக்கிற கிரெடென்ஷியல் மனேஜரிலை பழைய பதிவை அழியுங்கோ, இல்லாட்டில் விண்டோஸ் அதையேதான் திரும்பத் திரும்ப அனுப்பும். யூசர்நேமை அடிக்கேக்கை முன்னாலை நாஸின்ரை பெயரும் பின்சாய்வுக் கோடும் போடுங்கோ. எஸ்எம்பி 1 மட்டும் பேசுற நாஸ் எண்டால் மாத்துறதுதான் வழி. 2017 இல் வன்னாக்ரை எண்ட பணயத் தீநிரல் பரவினது எஸ்எம்பி 1 க்குள்ளாலை.

எனக்கு வந்தது லினக்ஸிலை. பிங் போகுது, போல்டரை மவுண்ட் பண்ணினால் (இணைச்சால்) பிழை 112, 'ஹோஸ்ற் டவுன்'. சேர்வர் விழேல்லை, எஸ்எம்பி பதிப்புத்தான் ஒத்துவரேல்லை.

வடமராட்சி_வயர்:
கரண்ட் போய் வந்த லினக்ஸ் பெட்டி, நேரத்தைக் காக்கிற சீமோஸ் பற்றரி செத்தது. ஆரோ நேரத்தைக் கையாலை திருத்தியிருக்கினம். திரையிலை நேரம் சரி, கேர்பரோஸ் (லொகினைச் சரிபார்த்து டிக்கெற், அதாவது அனுமதிச் சீட்டு, குடுக்கிற முறை) மட்டும் நேர வித்தியாசம் கூடவெண்டு மறுக்குது. பார்த்தால் ரைம்சோன் யூடிசியிலை (உலகப் பொது நேரம்) கிடக்கு! கேர்பரோஸ் ஒப்பிடுறது யூடிசி நேரத்தை. வழமையா 5 நிமிசம்தான் பொறுக்கும், இங்கை ஐஞ்சரை மணித்தியாலம். ரைம்சோனைக் கொழும்புக்கு மாத்தி, நேரத்தைத் தானாச் சரிசெய்யிற என்ரிபியை இயக்கினபிறகு டிக்கெற் கிடைச்சுது.