உசுப்பு தெலுங்கா? அப்போ அந்த ‘ர்’ எங்க போச்சு?

பாலாத்து மணல்: “உசுப்பேத்தறதுன்றது தெலுங்கு உசிகொல்புல இருந்து வந்தது, 1911ல சித்தூர் பிரியற வரைக்கும் தெலுங்கு ஊருங்க வடாற்காட்டுலதான் இருந்தது”னு நேத்து ஒரு மேதாவி எழுதிட்டுப் போயிருக்காரு. படிச்சதுல இருந்து சோறு எறங்கல. உயிர்ப்பு, உசிர்ப்பு, உசுப்பு. உயரம் உசரம் ஆகுது, முயல் மொசல் ஆகுது. முடிஞ்சது.

குடியாத்தம் தறி: மேதாவி நான்தான். உசிர்ப்புல இருந்த ‘ர்’ எங்க போச்சு?

பாலாத்து மணல்: பார்த்து ‘பாத்து’ ஆகும்போது எங்க போச்சோ அங்க.

குடியாத்தம் தறி: பார்த்துன்னு இன்னிக்கும் எழுதறோம். ‘உசுர்ப்பு’ன்னு எவன் எழுதினான்? அதுவுமில்லாம வயிறு நம்மூர்ல வவுறு. வசுறு இல்ல.

பாலாத்து மணல்: மயிர் மசுரு ஆகுதே, அது தெரியாதா?

காளைக்காரன்: எருது விடற அன்னிக்கு வந்து பாருங்க. வாலை முறுக்கி ‘உஸ்ஸ்’னு ஒரு சத்தம், மாடு பிச்சிக்கினு ஓடும். நாயை ஏவறதுக்கும் அதே உஸ்ஸுதான். சத்தத்துல பொறந்த சொல்லுபா இது.

பாலாத்து மணல்: எங்க ஆயா விடியக்காலம் நாலு மணிக்கு “கொழாயில தண்ணி வந்துட்ச்சி, அவன உசுப்பு”ன்னும். தோளப் புடிச்சி உலுக்குவாங்க, அவ்ளோதான். அதுல உங்க மாடு எங்க, நாய் எங்க? போன உசுரு திரும்பி வந்து எழுந்திரிக்கறான், அதான் உசுப்பு.

குடியாத்தம் தறி: ‘ர்’?

கோட்டை முக்கு: 1806 ஜூலை 10ல வேலூர் கோட்டைக்குள்ள சிப்பாய்ங்கள உசுப்பினது யாரு? திப்பு மகன்களா, புதுத் தலைப்பாகையா? அதைப் பேசுங்கப்பா. இன்னும் கலகம்னே எழுதறானுங்க.

பாலாத்து மணல்: கலகம் இல்ல, புரட்சி. கலகம்னு எழுதறவன்தான் உசுப்பையும் தெலுங்குன்னுவான்.

குடியாத்தம் தறி: கலகத்த அடக்க ஆற்காட்டுல இருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோட அன்னிக்கே வந்து சேந்துட்டான். உன் ‘ர்’ இன்னும் வரல.

பாலாத்து மணல்: ஆம்பூர் பிரியாணிக்குக் கத்திரிக்கா எதுக்குன்னு கேட்ட ஆள்தானே நீ? நாக்கே வேலை செய்யாதவன் சொல்லாராய்ச்சி பண்றான். திரும்பச் சொல்றேன், உயரம் உசரம், முயல் மொசல், உயிர் உசுரு.

குடியாத்தம் தறி: உசுருல ‘ரு’ இருக்கு பாரு. உசுப்புல?

காளைக்காரன்: பிரியாணிக்குக் கத்திரிக்கா வேணாம்னு நெஜமாவா சொன்னீங்க?