முட்டுக்காட்டுக்கு காற்றடைக்கும் பேடில் போர்டு: 3 செட்டில் எதை எடுப்பது?

உப்பங்கழி:

வணக்கம். காற்றடைக்கும் ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு (நின்றுகொண்டு துடுப்பு போட்டு ஓட்டும் மிதவைப் பலகை) ஒன்று வாங்க வேண்டும். ஒரு சீசனில் தூக்கிப்போடுகிற ரகம் வேண்டாம். என் எடை 82 கிலோ, உயரம் 5 அடி 8. மனைவி 58 கிலோ, 5 அடி 3. பையன் 25 கிலோ, முன்னால் உட்கார்ந்து வருவான். பெரும்பாலும் சென்னை பக்கத்து முட்டுக்காடு கழி, அலை அடங்கிய காலைகளில் கோவளம் கடல். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கார் சின்ன ஹேட்ச்பேக்.

மூன்று செட் பார்த்து வைத்திருக்கிறேன். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அ) பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குல கனம், 310 லிட்டர் கொள்ளளவு, 8.5 கிலோ. ஒற்றை அடுக்கு பிவிசி. கூடவே ஃபைபர் கிளாஸ் துடுப்பு, கை பம்ப், கயாக் சீட், தண்ணி புகாத பை, மொபைல் உறை என்று 11 சாமான்.

ஆ) 11 அடி, 34 அங்குலம், 6 அங்குலம், 360 லிட்டர், 12 கிலோ. இரட்டை அடுக்கு பிவிசி. கார்பன் துடுப்பு, எலக்ட்ரிக் பம்ப்.

இ) பதினொன்றரை அடி, 32 அங்குலம், 6 அங்குலம், 340 லிட்டர், 9.8 கிலோ. ஃப்யூஷன் முறை, நெய்த டிராப்-ஸ்டிட்ச் என்று போட்டிருக்கிறார்கள். பை, ஃபின் (போர்டுக்கு அடியில் மாட்டும் செதில்), மெல்லிய குழாயுள்ள கை பம்ப் மட்டும். துடுப்பு தனியாக வாங்க வேண்டும்.

துடுப்பே இல்லாத செட்டுக்கு அதே விலை ஏன்? ‘மிலிட்டரி கிரேடு பிவிசி’ என்று அ-வில் போட்டிருப்பதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

---

நீரோட்டம்:

மிலிட்டரி கிரேடு என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அந்தப் பெயரில் எந்தத் தர அளவும் கிடையாது, அதைத் தாண்டிப் போங்கள்.

முதலில் எடைக்கணக்கு. பெட்டியில் ‘150 கிலோ தாங்கும்’ என்று போட்டிருப்பது மூழ்காது என்பதற்கு மட்டும்தான். நின்றுகொண்டு ஒழுங்காக ஓட்ட, மொத்த பாரம் லிட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. நீங்கள், பையன், தண்ணி பாட்டில், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 112 கிலோ வரும். அ-வின் மூன்றில் ஒரு பங்கு 103. பையன் ஏறினால் மூக்கு அமுங்கி, துடுப்பு போடப் போட தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். இ-க்கு 113, ஆ-வுக்கு 120. ஆக அ கழிந்தது.

அடுத்தது உள்ளே இருக்கும் துணி. இந்தப் போர்டு வெறும் பலூன் அல்ல. மேல் துணியையும் கீழ் துணியையும் ஆயிரக்கணக்கான பாலியஸ்டர் நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதுதான் டிராப்-ஸ்டிட்ச். பின்னிய துணியில் நூல் பிடித்தால் பனியன் மாதிரி கொஞ்சம் நீளும். நெய்த துணி வேட்டி மாதிரி, நீளாது. அதே 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அடித்தாலும் நெய்தது குறைவாகத்தான் தொய்யும்.

இரட்டை அடுக்கு என்பது பழைய வழி. ஒரு பிவிசி மேல் இன்னொரு பிவிசியைப் பசை போட்டு ஒட்டுவார்கள். விறைப்பு கூடும், இரண்டு மூன்று கிலோவும் கூடவே வரும். ஃப்யூஷனில் வெளி அடுக்கை இயந்திரத்தில் சூடாக்கி அழுத்திச் சேர்த்துவிடுகிறார்கள். இடையில் பசை கிடையாது, எடையும் குறைவு. ஆ-வும் இ-யும் 2.2 கிலோ வித்தியாசப்படுவது அதனால்தான், கொஞ்சம் அகலத்தாலும்.

ஆனால் போர்டு சாகிற இடம் மேல் துணி அல்ல, ஓரப்பட்டை. கடையில் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். மஞ்சளாகப் பசை பிதுங்கியிருந்தால், பட்டை விளிம்பில் நகம் நுழைந்தால், குமிழ் தட்டுப்பட்டால் வேண்டாம். நம் வெயிலில் பசைதான் முதலில் இளகும். ஓரம் ‘வெல்டு’ செய்ததா, பசை போட்டு ஒட்டியதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடைக்காரரும் ஒரு பதில்தான்.

விறைப்பைப் பார்க்க ஒரு வழி உண்டு. 15 பிஎஸ்ஐ அடித்து, இரண்டு முனைக்கும் இரண்டடி உள்ளே தள்ளி ஒவ்வொரு ஸ்டூல் வைத்து நடுவில் ஏறி நில்லுங்கள். முனைக்கு முனை நூல் இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் ஆ-வா இ-யா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

---

பிஸ்டன்:

செட்டில் என்ன பம்ப் என்பதை யாரும் பார்ப்பதில்லை. போர்டைப் பரணில் போடவைப்பதே அதுதான்.

கணக்கு எளிது. பம்ப் குழாயின் குறுக்குப் பரப்பை பிஎஸ்ஐ-யால் பெருக்கினால் எத்தனை பவுண்டு அழுத்த வேண்டும் என்று வரும். 4 அங்குல விட்டமுள்ள தடித்த குழாய்க்குப் பரப்பு 12.6 சதுர அங்குலம். 10 பிஎஸ்ஐ-யிலேயே 126 பவுண்டு, அதாவது 57 கிலோ. உங்கள் வீட்டம்மா முழு எடையையும் கைப்பிடியில் போட்டால்கூட அங்கேயே நின்றுவிடும். 15-க்கு 86 கிலோ வேண்டும், நீங்களும் தோற்பீர்கள். குழாய் 2 அங்குலமாக இருந்தால் 15 பிஎஸ்ஐ-க்கு 21 கிலோ போதும், ஆனால் நிறைய தடவை குத்த வேண்டும். அதனால்தான் நல்ல கை பம்புகளில் தடித்ததும் மெல்லியதுமாக இரண்டு குழாய் வைக்கிறார்கள், அல்லது 7 பிஎஸ்ஐ வாக்கில் ஒரு மூடியைத் திறந்து ஒருவழி அடிக்கு (கீழே அழுத்தும்போது மட்டும் காற்று போகும்) மாற்றிக்கொள்ளும் வசதி கொடுக்கிறார்கள். ‘15 வரவே இல்லை, 9-இல் விட்டுவிட்டேன்’ என்பவர்கள்தான் பிறகு போர்டு வாழைப்பழம் மாதிரி வளைகிறது என்று திட்டுவது.

எலக்ட்ரிக் வாங்கினால் இரண்டு நிலை உள்ளதாக வாங்குங்கள். முதலில் விசிறி வேகமாக நிரப்பும். பிறகு ‘டக டக’ என்று பிஸ்டன் எடுத்துக்கொள்ளும். மொத்தம் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் தாராளமாக இழுக்கும். கார் சாக்கெட் ஃப்யூஸ் 10 ஆம்பியர் என்றால் போய்விடும், 15-ஆ 20-ஆ என்று முதலில் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரிய ஃப்யூஸைச் செருகிச் சமாளிக்க நினைக்காதீர்கள், ஒயர் சூடாகும். எஞ்சின் ஓடட்டும். பம்பை மணலில் வைக்காதீர்கள், கார் நிழலில் வையுங்கள். ஒரு போர்டு அடித்ததும் 15 நிமிடம் ஆறவிட்டுத்தான் அடுத்தது.

அடிக்கும்போது வால்வுக்குள் இருக்கும் ஊசி மேலே எழும்பி நிற்க வேண்டும். அமுங்கியிருந்தால் குழாயைக் கழற்றிய நொடியில் மொத்தக் காற்றும் வெளியே வந்துவிடும். குழாய் முனையில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது தொலைந்தால் ‘ஸ்ஸ்’ என்று கசியும், அளவுமானி ஏறாது. போர்டில் ஓட்டை என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. இரண்டு ரூபாய் வாஷர்.

இன்னொன்று, வெயில். நிழலில் 30 டிகிரியில் 15 பிஎஸ்ஐ அடித்த போர்டை மணலில் போட்டு உள்காற்று 60 டிகிரி ஆனால் கிட்டத்தட்ட 18 ஆகிவிடும். மாறாக, சூடான காற்றை 45 டிகிரியில் அடித்து 28 டிகிரி தண்ணீரில் இறக்கினால் 13.4-க்கு இறங்கும். அது கசிவு அல்ல. தண்ணீரில் ஐந்து நிமிடம் மிதக்கவிட்டு மேலே கொஞ்சம் அடித்துக்கொள்ளுங்கள். கரையேறியதும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறக்கிவிட்டு நிழலில் போடுங்கள்.

---

கழிமுகம்:

@நீரோட்டம், எடைக்கணக்கு சரி. ஆனால் சின்னப் பிள்ளையை ஏற்றுகிறவருக்கு 34 அங்குலத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. பையன் திடீரென்று பக்கத்தில் எட்டி மீனைப் பார்ப்பான். அந்த இரண்டு அங்குலம் அப்போது தெரியும். மூன்று மாடி 12 கிலோ என்று சொன்னாலும், பம்ப், துடுப்பு, பையெல்லாம் சேர்ந்து 17 கிலோ பக்கம் தூக்க வேண்டும் என்பதும் உண்மை. அதனால் நானும் இ பக்கம்தான், ஆனால் அரை மனதாக.

துடுப்புக்கு வருகிறேன். நீளம் உயரத்தைவிட 8 முதல் 10 அங்குலம் கூடுதல். உங்களுக்கு 193–198 செ.மீ., மனைவிக்கு 180–185. மூன்று துண்டாகக் கழலும், நீளம் மாற்றக்கூடிய ஒரே துடுப்பு இருவருக்கும் போதும். ‘கார்பன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்பாமல் தராசில் வையுங்கள். முழுக் கார்பன் 700 கிராம் வாக்கில் வரும். ஒரு கிலோவைத் தொட்டால் அது பெயருக்குக் கார்பன். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் தூக்கப்போகும் சாமான், 300 கிராம் தோளில் தெரியும். தண்டு கார்பனாகவும் அலகு (தண்ணீரைத் தள்ளும் தட்டை முனை) ஃபைபர் கிளாஸ் அல்லது நைலானாகவும் இருக்கட்டும். முட்டுக்காட்டில் பாறையிலும் பாலத் தூணிலும் ஆளி ஒட்டியிருக்கும், கார்பன் அலகின் விளிம்பு அதில் பட்டால் செதில் செதிலாகப் பெயரும்.

அலகு தண்டோடு நேராக இருக்காது, லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு உங்களை விட்டு விலகி, போர்டின் மூக்கைப் பார்த்து இருக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கரண்டி மாதிரி தண்ணீரை அள்ளுவதாக நினைத்துத் திருப்பிப் பிடிக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் போட்ட பிறகு மூன்று துண்டையும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் இணைப்பில் உப்பும் மணலும் இறுகி, இரண்டு பேர் இழுத்தாலும் வராது.

ஃபின்னுக்கு நடுப்பெட்டி ‘யுஎஸ் பாக்ஸ்’ ஆக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது பொது அளவு, எந்த கம்பெனி ஃபின்னும் ஏறும். கம்பெனியின் சொந்தப் பூட்டு என்றால் ஃபின் உடைந்த அன்று போர்டும் உட்கார்ந்துவிடும். செட்டில் வரும் 9 அங்குலம் கடலுக்கு நல்லது. கழியில் தண்ணீர் வற்றும் நேரத்தில் அது தரையில் மாட்டி நீங்கள் மட்டும் முன்னால் பறப்பீர்கள். 4–5 அங்குல வளையும் ஃபின் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சின்ன ஃபின் சுருட்டி வைத்ததில் வளைந்துபோனால் வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, பிடித்தபடியே பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள்.

---

உப்பங்கழி:

மூவருக்கும் நன்றி. அப்போது இ, கூட ஒரு துடுப்பு என்று வைத்துக்கொள்கிறேன். கயாக் சீட் தேவையா? இரண்டு அறை உள்ள போர்டு பாதுகாப்பு என்கிறார்களே? லீஷ் (ஆளையும் போர்டையும் இணைக்கும் கயிறு) இ-யில் இல்லை, எது வாங்குவது?

---

கழிமுகம்:

சீட் வேண்டாம். முதுகு சாய்கிற சுகத்துக்கு நான்கு வளையம், இரட்டை அலகுத் துடுப்பு என்று செலவு நீளும். பையன் உட்கார நுரைப்பாய் போதும்.

இரண்டு அறை என்பது ஒன்று ஓட்டையானாலும் மற்றொன்று மிதக்கவைக்கும் என்பதற்காக. எடையும் கூடும், அடிக்க வால்வும் இரண்டு. கரை தெரிகிற கழிக்கு அவசியமில்லை.

லீஷ் இடத்துக்கு இடம் மாறும். கழியிலும் அமைதியான கடலிலும் 10 அடி சுருள் லீஷ், காலில். முகத்துவாரம் பக்கம் கதையே வேறு. மணல்திட்டு திறந்திருக்கும்போது வற்றத்தில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். வழியில் பாலத் தூண், வலை, கயிறு. தூணுக்கு ஒரு பக்கம் போர்டும் மறுபக்கம் நீங்களுமாக மாட்டினால் ஓட்டத்துக்கு எதிராகக் குனிந்து கணுக்காலைத் தொட முடியாது. இடுப்புப் பட்டையில், ஒரே இழுப்பில் கழலும் லீஷ்தான் அங்கே. பையன் காலில் எந்த லீஷும் கட்டாதீர்கள். அவனுக்கு நுரை வைத்த லைஃப் ஜாக்கெட், இரண்டு கால் இடுக்கிலும் பட்டை உள்ளது.

கோவளத்தில் அலையைவிடக் காற்றைப் பாருங்கள். நம் கரை கிழக்கைப் பார்த்தது. ஆனி, ஆடி காலைகளில் மேற்கே இருந்து வீசும் காற்றில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆசை காட்டும். அதே காற்றுதான் உங்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். 6 அங்குலக் கனத்தில் நீருக்கு மேலே நிற்கும் போர்டு ஒரு பாய்மரம் மாதிரி. தள்ளினால் நிற்காதீர்கள், முட்டி போட்டு உட்கார்ந்து துடுப்பு போடுங்கள். போர்டை விட்டு நீந்த முயலாதீர்கள்.

---

பிஸ்டன்:

பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டியது. வீட்டுக்குள், மின்விசிறிக்குக் கீழே 15 பிஎஸ்ஐ அடித்து 24 மணி நேரம் விடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அளவுமானி வையுங்கள். மானியை மாட்டும்போதே கொஞ்சம் காற்று போகும், அதையும் கணக்கில் எடுத்தால் 1 பிஎஸ்ஐ குறைவது சகஜம். மூன்று குறைந்தால் ஷாம்பு கலந்த தண்ணீரை முதலில் வால்வைச் சுற்றி ஊற்றுங்கள், பிறகு ஓரப்பட்டை முழுக்க. வால்வு ஓரத்தில் குமிழ் வந்தால் காற்றை இறக்கி, துணிக்கு அடியிலிருக்கும் நட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கூட வந்த சாவியால் வலப்பக்கம் அரைச் சுற்று இறுக்குங்கள். வால்வின் நடுவே குமிழ் வந்தால் உள்ளே மணல், ஊசியை இரண்டு மூன்று தடவை அமுக்கி விட்டால் காற்றோடு வெளியே வந்துவிடும். ஓரப்பட்டையில் குமிழ் வந்தால் கையே வைக்காதீர்கள். பசை டியூபைத் திறந்து ஒட்டிவிட்டால் உத்தரவாதம் போச்சு. வீடியோ எடுத்து, திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.